மகள் கேட்ட வெள்ளைக் குழாய்

என் மகள் கம்பெனி வேலை போய் வீட்டோடு வந்து விழுந்த பிறகு, வாய் திறந்து ஒரு பொருள் வேண்டும் என்று முதலில் கேட்டது இரும்புக் குழாயைத்தான். நல்ல சோறு வேண்டும், புதுத் துணி வேண்டும் என்று கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் பின்பக்கம் உட்கார்ந்து மடவை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் கதவோரம் வந்து நின்றாள்.

"எம்மா, ஜி.ஐ. பைப்பு ரெண்டு வேணும். நீளமா, வளைவு இல்லாம."

நான் மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால், சரி வேண்டாம் என்று திரும்பிப் போய்விடுவாளோ என்று பயம். கையில் செதிலோடு தெருவில் நடந்தேன். பூனை ஒன்று பின்னாலேயே வந்தது.

அவள் ஐ.டி.ஐ. படித்தவள். எங்கள் குப்பத்தில் அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண்பிள்ளை. அப்போது ஊர் பேசியதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்துதான் நடந்தேன். மீஞ்சூருக்கு அப்பால் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வெள்ளை இரும்புச் சட்டங்களை வெல்டிங் வைக்கிற கொட்டகையில் அவளை நிறுத்தினார்கள். நெருப்புப் பட்டால் அந்த இரும்பிலிருந்து வெள்ளைப் புகை கிளம்புமாம். வேலை முடிந்து வந்தால் குளிர் ஜுரம், உடம்பு தூக்கிப் போடும். வாயெல்லாம் இரும்பை நக்கியது மாதிரி ஒரு தித்திப்பு என்பாள். காலையில் ஒன்றுமே நடக்காதவள் போல எழுந்து பஸ் ஏறிவிடுவாள்.

"எல்லாருக்கும் இப்டித்தாம்மா. பால் குடிச்சா சரியாப் பூடும்னு சொல்றாங்க," என்பாள்.

பாலும் குடித்தாள். நெஞ்சு சரியாகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு மாடிப்படி இல்லாமலே வாங்கியது. புகையும் தூசியும் இனி ஆகாது என்று டாக்டர் சொன்னார். கம்பெனி, நீ வர வேண்டாம் என்று சொன்னது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒன்றுமே சொல்லாமல் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

ஒருநாள் விடியலில் பாயில் அவள் இல்லை. படகுகளுக்கு அப்பால், கடலோடு சேர்ந்த எங்கள் உப்பு ஏரியில் நெஞ்சளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். நானும் புடவையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாடி பண்ற இங்க?"

"சும்மாம்மா."

"குளுரல?"

"தெர்ல."

பிறகு கையைப் பிடித்தேன், வந்துவிட்டாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அன்று முதல் அவள் துப்பட்டா முனையை என் கையில் சுற்றிக்கொண்டுதான் படுத்தேன். முப்பது தாண்டிய பெண்ணை அப்படிக் கட்டி வைத்துப் படுப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

அதனால்தான் குழாய் கேட்டதும் ஓடினேன். ஒன்று வேண்டும் என்று நினைக்கிறவள் தண்ணீருக்குள் போய் உட்கார மாட்டாள். என் கணக்கு அவ்வளவுதான்.

ஒல்லாந்தர் கல்லறைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் தம்பியின் கொட்டகை. பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். கல்லறை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் அவன் கொட்டகையையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அவன் அதற்கென்றே சட்டையைக் கழற்றாமல் வேலை செய்வான். அவனிடம் பந்தல் போட்ட குழாய்கள் கிடந்தன. வெள்ளையாக, மேலே செதில் செதிலாகப் பூ விழுந்த மாதிரி இருக்குமே, அந்தக் குழாய்.

"எதுக்குக்கா?"

"எதுக்கா இருந்தா உனக்கின்னா. குடு."

"கேட்டா தலையவே குடுப்பேன், கேக்கற தோரண இருக்குதே," என்று சொல்லிக்கொண்டே இரண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

எதற்கு என்பதை மகள் அவனிடம்தான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு இயந்திரம் செய்யப் போகிறாள். இரண்டு குழாயும் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். மேலே ஒரு பலகை, பலகைக்கு அடியில் சின்னச் சின்ன பேரிங் சக்கரங்கள். காயலாங்கடைப் பிரிண்டரில் இருந்து எடுத்த மோட்டார் பலகையை இழுக்கும். பலகையில் பேனா கட்டினால் எழுதும், படம் போடும். படகு நம்பரை அட்டையில் அச்சு மாதிரி எழுதிக் காட்டும். போனில் யாரோ வெள்ளைக்காரன் தன் வீட்டுக் கொட்டகையில் செய்வதை அவள் பார்த்திருக்கிறாள்.

"இத வச்சி இன்னா பண்ணுவ?" என்றான் தம்பி.

"ஒண்ணும் பண்ணமாட்டேன் மாமா. வெளையாட்டுக்குத்தான்."

விளையாட்டுக்கு என்ற சொல்லை எனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். விளையாட வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே.

ஆனால் குழாய் அவள் நினைத்த மாதிரி இல்லை. பூச்சு சொட்டி அங்கங்கே பரு மாதிரி உறைந்து நின்றது. பலகையை வைத்துத் தள்ளினால் சக்கரம் பருவில் ஏறி இறங்கி, கடகடவென்று தடுக்கியது. பேனா அந்த இடத்தில் துள்ளுமாம், கோடு கோணுமாம். குழாயை வழவழவென்று ஆக்க வேண்டும் என்றாள்.

"இதுக்கா இம்மாம் பேஜாரு? கிரைண்டர்ல ஒரு இழுப்பு இழுத்தா கண்ணாடி மாரி ஆயிடும்," என்றான் தம்பி.

"தூசி பறக்கும் மாமா."

"அப்ப நெருப்புல போடு. வெள்ள எல்லாம் எரிஞ்சி பூடும்."

மகள் அவனைப் பார்த்தாள். "அந்தப் பொகையத் தின்னுட்டுத்தான் மாமா வந்து குந்திகினுகீறேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனவன், கொஞ்ச நேரத்தில் காய்ந்த திருக்கைத் தோல் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். துடுப்பையும் பாய்மரத்தையும் எங்கள் ஆட்கள் அதால்தான் தேய்ப்பார்கள், முள்முள்ளாக மரத்தைக் கவ்வி இழைக்கும். "இதுல தூசே வராது, எங்க தாத்தா மொறை," என்றான். குழாயில் வைத்து நாலு இழுப்பு இழுத்தான். பரு அப்படியே இருந்தது, தோல்தான் மொட்டையானது.

"திருக்கை செத்தும் உன்கிட்ட தோத்துப்போச்சுடா," என்றேன். மகளின் உதடு லேசாக அசைந்தது. நான் அதைப் பார்த்தேன்.

தூசி விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கிளிஞ்சல் சலிக்கப் போனவள் நான். ஏரியில் அள்ளின கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, சுண்ணாம்பைச் சலிப்போம். என் நைனா அதிலேயே கிடந்தார். கடைசியில் இருமி இருமி, எச்சில்கூட வெள்ளையாக வந்தது. எங்களோடு வேலை செய்த ஒரு கிழவி மட்டும் சலிக்கிற இடத்தைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள், மேஸ்திரி திட்டத் திட்டத் தெளிப்பாள். அவள் அங்கே வேலை செய்த மற்றவர்களைவிட அதிக நாள் உயிரோடு இருந்தாள். நனைந்த தூசி பறக்காது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐ.டி.ஐ. வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நான் சொன்னேன்: வீட்டுக்குள் தேய்க்கக் கூடாது. காய்ந்த குழாயைத் தேய்க்கக் கூடாது. அவள் கை வைக்கவே கூடாது, நான் தேய்ப்பேன்.

"உனக்கும் நெஞ்சு இருக்குதும்மா," என்றாள்.

"எனுக்கு இனிமே இன்னா ஆவப் போவுது. நீ தள்ளி உக்காந்து சொல்லு."

சொன்னாள். அந்த நாட்களில்தான் அவள் நிறையப் பேசினாள். மூக்குக்கு ஈரத்துணி கட்டினால் போதும் என்று நான் நினைத்தேன். துணி பத்தாது என்று சொல்லி, மீஞ்சூர் ஹார்டுவேர் கடையிலிருந்து வாயையும் மூக்கையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற மூடி ஒன்று வாங்கி வரச் சொன்னாள். கம்பெனியில் அவளுக்குக் கொடுக்காத மூடி அது. கண்ணுக்குத் தம்பியின் கண்ணாடி. கைக்கு, இறால் உரிக்கிற பெண்கள் போடுகிற ரப்பர் உறை. இதையெல்லாம் மாட்டிக்கொண்டு நான் வெளியே வந்தால் எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா.

"இன்னாக்கா, சந்திரனுக்கா போற?"

"ஆமாம். வந்து உனக்கும் ஒரு எடம் பாக்கறேன், இங்க உன் வாய் கொள்ற அளவுக்கு எடம் இல்ல."

அவளோடு எனக்கு ஆகாது. மகளைக் கம்பெனியில் துரத்திவிட்டார்கள் என்று மீன் ஏலம் விடுகிற இடத்தில் உரக்கச் சொன்னவள் அவள். அதற்குப் பிறகு நான் அவள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

வீட்டுக்குத் தெற்கே, காற்று ஏரிப்பக்கம் அடித்துக்கொண்டு போகிற இடத்தில், இரண்டு கவைக் கழி நட்டுக் குழாயை அதன் மேல் கிடத்தினோம். உருளாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினோம். முதல் வேலை, குழாயின் அறுபட்ட முனை. அது கத்தி மாதிரி இருந்தது, உறையைப் போடாமல் சும்மா தடவிப் பார்த்தேன், உள்ளங்கை கிழிந்தது. மகள் துணி கொண்டுவந்து கட்டினாள். பிறகு அரத்தைச் சாய்த்துப் பிடித்து முனையை உள்ளேயும் வெளியேயும் மழுக்கச் சொல்லித் தந்தாள். அடுத்து பரு. அதையும் அரத்தால்தான், பருவை மட்டும், சுற்றி இருப்பதைத் தொடாமல். மீனின் கண்ணைச் சுற்றிச் செதில் எடுப்பது போல என்று நானே நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு தம்பி பைபருக்குப் போடுகிற வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள். அதை நனைத்து, குழாயைச் சுற்றிப் பிடித்து, நீளவாக்கில் இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் குழி விழும். சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி வழியும். வழிவதைப் பழைய பேசினில் பிடித்து, காயவிடாமல் துணியில் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் போட்டுக் கட்டிவிட வேண்டும். காய்ந்தால் அதுவே தூசி.

"ஏரில ஊத்தினா இன்னாடி?"

"நண்டு திங்கும். நண்ட நீ திம்ப."

தண்ணீர் வேண்டுமே. தெருக்குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நேரம் வந்தால் குடத்தைப் போட்டு இடம்பிடித்து, இடித்துக்கொண்டு பிடித்து வருவேன். அது குடிக்க, உலை வைக்க. அதை இரும்புக்கு ஊற்றுகிற பழக்கம் இந்தக் கரையில் யாருக்கும் கிடையாது. எதிர்வீட்டுக்காரி வீட்டில் மாடித் தொட்டி இருக்கிறது, நல்ல தண்ணீர் நிரம்பி வழியும். அவளிடம் நான் கேட்பதாவது. வலை அலசுவதும் கூடை கழுவுவதும் படகு தேய்ப்பதும் எங்களுக்கு ஏரித் தண்ணீர்தான். நானும் ஏரியில் மொண்டு வந்து வைத்துக்கொண்டு தேய்த்தேன்.

உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும் என்று தெரியாதவளா நான். ஆணியும் நங்கூரமும் செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்தே வளர்ந்தவள். ஆனால் வெள்ளை இரும்பு வேறு சாதி என்று நினைத்திருந்தேன். படகுத்துறையில் நட்ட வெள்ளைக் குழாய் எத்தனையோ வருஷமாக ஏரிக்குள்ளேயே நிற்கிறது, நிறம்கூட மாறவில்லை. வெள்ளை இரும்பு என்றால் உள்ளே கடைசி வரைக்கும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று எண்ணம். துடுப்பை எவ்வளவு இழைத்தாலும் உள்ளே அதே மரம்தானே.

தேய்த்தேன். மீன் விற்றுவிட்டு வந்து, வெயில் சாய்ந்ததும் உட்கார்வேன். மகள் காற்றுக்கு மேல்பக்கம், எனக்கு முதுகுப்பக்கமாக, பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பலகைக்குச் சக்கரம் மாட்டுவாள், கழற்றுவாள். "அங்க இன்னும் தடுக்குது," என்பாள். "எங்க?" என்பேன். எழுந்து வராமல் சொல்வாள், "உன் எடது கைக்கு முன்னால." என் விரலுக்கே தெரியாத மேடு அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. எனக்கு மனசு நிறைந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த நாட்களில் நான் பாட்டுகூட முணுமுணுத்தேன். அவள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான் துப்பட்டா முனையைப் பிடிக்காமல் தூங்கினேன்.

பருவை மட்டும் எடுத்தால் போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். எனக்குப் போதவில்லை. செதில்பூ தெரிகிற வரைக்கும் தேய்த்தேன், பூ மறைகிற வரைக்கும் தேய்த்தேன், சாம்பல் போய் உள்ளே பளபளவென்று வேறொரு நிறம் வருகிற வரைக்கும் தேய்த்தேன். வெள்ளி மாதிரி இருந்தது. பலகையை வைத்து விரலால் தொட்டாள். அது ஓடிய ஓட்டம், வழுக்கிக்கொண்டு போய் அந்த முனையில் நின்றது. சத்தமே இல்லை.

"சோக்கா ஓடுதும்மா," என்றாள்.

தெருவில் போன எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரி பார்க்கிற மாதிரி கொஞ்சம் வாசலுக்கே இழுத்து வைத்துக் காட்டினேன்.

பிறகு வாடைக்காற்று ஈரமாக அடித்த ஒரு காலையில் குழாய் சிவந்திருந்தது. அடிப்பக்கம் முழுக்க, அம்மை போட்ட மாதிரி. நான் பதறவில்லை. ஏதோ அழுக்கு என்று வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. மறுநாள் வந்தது, முன்னைவிட அதிகமாக. மறுபடியும் தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் மறுபடி பூத்தது. துரு விழுந்த இடம் பள்ளமாகி, பலகை இப்போது முன்னைக் காட்டிலும் மோசமாகத் தடுக்கியது. பரு இருந்த இடத்தில் இப்போது குழி.

தம்பியைக் கூப்பிட்டேன். அவன் குழாயைத் தடவி, விரலை நக்கிப் பார்த்தான்.

"யக்கா, இத எந்தத் தண்ணில தேச்ச?"

"ஏரித் தண்ணிலதான். வேற எதுல?"

அவன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "இதுக்கு வெள்ள மேலதாங்க்கா. சட்ட மாரி. அத உரிச்சிட்டு உப்புல குளிப்பாட்டிகிற. உள்ள இருக்கறது நம்ம ஆணிதான்."

"உனக்கு முன்னியே தெரியுமா?"

"நீ இவ்ளோ தேய்ப்பேனு எனக்கு எப்டித் தெரியும்? நல்ல தண்ணினு நெனச்சிகினு இருந்தேன்."

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில்தான் இருந்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டால் எவ்வளவு நல்லது என்று இருந்தது. அவள் சும்மா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனுக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா."

"தெரிஞ்சிகினா உக்காந்திருந்த? ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீ நல்லா இருந்த. பாட்டெல்லாம் பாடிகினு. போவட்டும்னு உட்டுட்டேன்."

தம்பி எழுந்து தெருப்பக்கம் போய்விட்டான்.

அந்தப் பதிலை நான் எத்தனையோ நாள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் முன்னால் உட்கார்ந்து தேய்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். குழாய் கெடும் என்று தெரிந்த முதல் நாளே அவளுக்கு இயந்திரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுந்ததும், இங்கே மேடு அங்கே மேடு என்று சொன்னதும், சோறு சாப்பிட்டதும் எனக்காக. ஏரித் தண்ணீரில் தேய்த்தது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். என் மகள் நெஞ்சில் ஒரு பொட்டுத் தூசி போகவில்லை. ஆனால் நெஞ்சில் தூசி போகாமல் இருந்தால் மட்டும் ஒருத்தி இருந்துவிடுவாளா என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்படியும் விடவில்லை நான். தம்பியிடம் வேறு இரண்டு குழாய் வாங்கினேன். குடத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படி ஏறினேன்.

"தண்ணி வேணும்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன், செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். "அப்பப்ப வந்து புடிச்சிக்கக்கா," என்றாள். என் மகள் இருக்கிற நிலை ஊருக்கே தெரிந்திருக்கிறது. அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன், அவ்வளவு பாரமாக என் ஆயுசில் நான் எதையும் சுமந்ததில்லை.

இந்தத் தடவை அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்தேன். பருவுக்கு மட்டும் அரம். அதன் மேல் நைசான தாளால், நல்ல தண்ணீரில், பூவை அழிக்காமல், மேலோடு மேலாக. கழுவி, அப்போதே துடைத்து, வெயிலில் காட்டி, மிஷின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு தடவை. மூடி, கண்ணாடி, உறை எல்லாம் போட்டுக்கொண்டுதான். அவள் பெஞ்சுக்கு வரவில்லை. உள்ளே படுத்திருந்தாள். மேடு இருக்கிறதா என்று என் விரலையே கேட்டுக்கொண்டேன்.

வாடைக்காற்று மறுபடி ஈரமாக அடித்தது, குழாய் சிவக்கவில்லை. பலகையை நானே கொண்டுவந்து மேலே வைத்து அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். ஒரு விரலால் தள்ளினாள். முதலில் ஓடியதைவிட நன்றாக ஓடியது. மறுமுனையில் இருந்து இந்தமுனைக்குத் தள்ளினாள். பிறகு பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நல்லா பண்ணிகிறம்மா," என்றாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மோட்டார் கட்டிலுக்கடியில் கிடந்தது. போனில் வெள்ளைக்காரன் வரவில்லை. நான் மறுபடியும் துப்பட்டா முனையைச் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று அப்போது பட்டது. தம்பியிடம் போனேன்.

"நீ வீட்டுக்கு வா. வந்து, படகுக்கு நெழலு கட்டணும், அந்தப் பைப்பக் குடுனு அவகிட்ட கேளு."

"எனுக்கு எதுக்குக்கா? இங்க மல மாரி கெடக்குது."

"உனுக்கு வேணாண்டா. நீ கேளு. அவ தரமாட்டேன்னு சொல்லணும்."

"வேணாங்க்கா. இது நல்லாயில்ல," என்றான். நான் அங்கேயே நின்றேன். நான் நின்றால் அவன் தாங்க மாட்டான், சின்ன வயசிலிருந்தே அப்படி. துண்டை உதறிக்கொண்டு கிளம்பினான்.

வீட்டில் மகள் எழுந்து உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் ஏதோ வேலை இருப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். தம்பி இருமினான். ஊர்ச் சமாசாரம் பேசினான். அரம்பாக்கம் பக்கம் இறால் நன்றாகக் கிடைப்பதாகச் சொன்னான். பிறகு கேட்டான்.

"அந்தப் பைப்பு ரெண்டும் உனக்கு வேணுமாம்மா? படகுக்கு நெழலு கட்டலாம்னு பாத்தேன். நீ வச்சிருக்கணும்னா சொல்லு, நான் வேற பாத்துக்கறேன். ஒண்ணும் அவசரம் இல்ல."

நான் சொல்லச் சொன்னதைவிட அதிகமாகவே கெஞ்சினான்.

சீப்பு தலையில் போய் வருகிற சத்தம் கேட்டது. வேண்டாம் மாமா, அது என்னுது என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லட்டும் என்று என் கையில் இருந்த கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எடுத்துக்கோ மாமா," என்றாள். "சும்மாதான கெடக்குது. எண்ணெ போட்டுகிது, கை வழுக்கும், பாத்துப் புடி."

அவன் என்னைப் பார்த்தான். நான் திரும்பவில்லை. கேட்டவன் எடுக்காமல் போக முடியாது. இரண்டு குழாயையும் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனான். நான் தெருமுனை வரைக்கும் அவன் பின்னாலேயே நடந்தேன். கல்லறைச் சுவரோரம் வந்ததும் நின்று, எங்கே இறக்குவது என்று தெரியாதவன் போலக் கொட்டகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"யக்கா, இத நான் இன்னா பண்ணட்டும்?"

"எங்கனா போடு," என்றேன்.

ஏலம் விடுகிற நேரம் ஆகிவிட்டிருந்தது. கூடை வீட்டில் இருந்தது. அதை எடுக்கத் திரும்பிப் போக வேண்டும், போனால் அவள் அதே மாதிரி உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருப்பாள். நான் கொஞ்ச நேரம் அந்தச் சுவர் நிழலிலேயே நின்றேன். பிறகு போனேன்.